ஒரே பெட்டியில் இரண்டு பிரவுன்

சிவப்புதான் முதலில் போனது.

மிஷினின் மூடியைத் திறந்து பார்த்தான். பதினைந்து சிவப்புப் பந்துகளும் சேற்றில் புரட்டி எடுத்தவை போலக் கிடந்தன. அழுக்குப் போகவில்லை என்று நினைத்து, இன்னும் இரண்டு பீச்சு பாலிஷ் அடித்து மறுபடி ஐந்து நிமிடம் ஓடவிட்டான். திறந்தான். அதே சேறு. மூன்றாவது தடவை மூடியைப் போட்டபோது பக்கத்தில் பஃப் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கினான்.

"என்னண்ணே, தோலை உரிச்சு உள்ள கொட்டை இருக்கான்னு பாக்கப் போறியா?"

ஒரு பந்தை எடுத்து விளக்கடியில் பிடித்தான். மேலே தொங்கிய குழல் விளக்கு அதற்குள் வளைந்து முனை முதல் முனை வரை சுத்தமாகத் தெரிந்தது. பந்து கண்ணாடியாகத்தான் இருந்தது. பளபளப்பு இருந்தது. சிவப்புதான் இல்லை.

அவன் பந்துகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கினான்.

டயர் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த நீளமான தகரக் கொட்டகை. முப்பத்தொரு ஸ்னூக்கர் ஹால்களின் பந்துகள் வாரத்துக்கு ஒரு முறை அங்கே வந்து போகும். ஆடுகிறவர்களின் கை வியர்வை, கோல் முனையில் தேய்க்கிற நீலச் சாக்பொடி, மேஜைத் துணியின் அழுக்கு, எவனோ கவிழ்த்த டீ என்று எல்லாம் அப்பிக்கொண்டு வரும். முதலில் சோப்புத் தண்ணீர் வாளி. பிறகு மிஷின். பார்க்கப் பெரிய சோற்றுப் பானை மாதிரி இருக்கும். அடியில் கம்பளம் ஒட்டிய ஒரு தட்டு, சுற்றுச் சுவரிலும் கம்பளம். சுவிட்சைப் போட்டால் தட்டு சுற்றும். உள்ளே இருபத்திரண்டு பந்துகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உருண்டு உருண்டு கம்பளத்தில் முகம் கழுவிக்கொள்ளும். அப்படி மூன்று மிஷின்கள். மூன்றையும் ஒரே ஆளாக ஓட்டியதால் அவனுக்குக் கொட்டகையில் பெயர் சுத்து.

மிஷினுக்கு மசியாத கீறலும், துணியில் உரசிச் சூடு பட்ட தடமும் உள்ள பந்துகள் பஃப் சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரத்தில் உட்காருகிறவன் சாயங்காலம் எழுந்திருக்கும்போது புருவம் வரை வெள்ளையாக இருப்பான். அவன் பெயர் புழுதி. சக்கரத்தில் தேய்த்த பந்து திரும்ப அதே மிஷினுக்கு, அதே கூட்டத்துக்கு வர வேண்டும். கொட்டகையில் வேறு எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. ஒரு செட்டுப் பந்துகள் ஒன்றாகத் தேய்ந்து ஒன்றாக எடை குறைகிறவை. ஒரு ஹாலின் பந்து இன்னொரு ஹாலின் பெட்டிக்குள் போனால், ஆட்டம் தெரிந்தவன் இரண்டாவது அடியிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

கடைசி மேஜை சின்னவளுடையது. சுத்துவின் மனைவியின் தங்கை. அக்காள் பெரியவள், இவள் சின்னவள். வீட்டில் இருந்த பெயரே கொட்டகைக்கும் வந்துவிட்டது. தட்டில் இருபத்திரண்டு குழிகளும் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்து, பெட்டியை மூடி, டேப் ஒட்டி, ஹால் எண் போட்ட சீட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஒரு வருடத்துக்கு முன் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு துணிப் பையோடு புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். அவன்தான் சூப்பர்வைசரின் காலைச் சுற்றி அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். சேர்ந்த அன்று, "இனிமே அந்தாளு வந்து கூப்பிட்டா, எனக்கு ட்யூட்டி இருக்குன்னு சொல்லுவேன் மாமா" என்றாள். ட்யூட்டி என்ற சொல்லை வாயில் மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள்.

சிவப்பு எதனால் போகிறது என்பது அவனுக்கு அன்றே தெரியும்.

இரண்டரை மாதங்களுக்கு முன் அவனுக்கு நெஞ்சுச் சளியில் காசநோய் என்று சொன்னார்கள். கொட்டகையில் மஞ்சள் காமாலை என்று சொல்லி மூன்று வாரம் லீவு போட்டான். காமாலைக்கு யாரும் பயப்படுவதில்லை. இருமலுக்குப் பயப்படுவார்கள். அவனுக்கு முன்னால் அந்த மிஷின்களை ஓட்டியவனை இருமியதற்காகவே அனுப்பினார்கள். அவன் உட்கார்ந்த ஸ்டூலைக்கூட வெளியே போட்டார்கள். அது மழையில் ஊறி உடைகிற வரை ஒருவரும் தொடவில்லை.

மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கிற நர்ஸ் முதல் நாளே எல்லாம் சொன்னாள். அவள் நிறையச் சொன்னாள். அவன் தலையில் நின்றது இரண்டு. ஒன்று, மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் வியாதி இரண்டு மடங்காகத் திரும்பும், அப்போது இந்த மருந்துக்குக் கேட்காது, வீட்டில் இருப்பவர்களையும் பிடிக்கும். இரண்டு, கண் மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும், மருந்தை நிறுத்திவிடுவோம்.

இரண்டையும் அவன் சேர்த்துக் கூட்டிப் பார்த்தான். கண்ணைச் சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள். மருந்தை நிறுத்தினால் வியாதி திரும்பும். அவர்கள் இருப்பது ஒரே அறை. குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பெரியவளும் சின்னவளும் நடுவில் நான்கு வயதுப் பெண் குழந்தையும். முதல் தடவை எல்லோரையும் பரிசோதித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தைப் பெரியவள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். இன்னொரு தடவை அப்படி ஒரு காகிதம் வருமா என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே முடிவு எடுப்பது கஷ்டமாக இல்லை. ஸ்னூக்கரில் வெள்ளையையும் சேர்த்து மொத்தம் எட்டு நிறம். அதில் இரண்டு மூன்று போனால் போகட்டும். இன்னும் மூன்றரை மாத மாத்திரை. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டால், பிறகு போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது நர்ஸ் கேட்பாள்: "கண்ணு நல்லாத் தெரியுதா?"

"அதுக்கென்ன சிஸ்டர். ஊசியில நூல் கோப்பேன்."

அவள் அட்டையில் ஒரு டிக் போடுவாள்.

பிறகு அவன் வேலையைக் கண்ணிலிருந்து கைக்கு மாற்றினான். வாளியில் போடும் முன்பே, பெட்டியில் இருந்த இடத்தை வைத்து நிறப் பந்துகளைத் தனியே ஒதுக்கி, மஞ்சள், பச்சை, பிரவுன், நீலம், பிங்க், கறுப்பு என்று வரிசையாக ஒரு துணியில் வைப்பான். மிஷினில் எல்லாம் கலந்துவிடும் என்பதால் ஆறையும் தனியாக ஓட்ட ஆரம்பித்தான். நேரம் கூடியது. சூப்பர்வைசர் கேட்டதற்கு, "கலர் பந்து சிவப்போட சேந்து ஓடினா தடம் விழுது சார்" என்றான். அது பொய். பதினோரு வருடமாகச் சேர்ந்துதான் ஓடின. ஆனால் மிஷினைப் பற்றி அவன் சொன்னால் சூப்பர்வைசர் கேட்டுக்கொள்வார்.

நீலமும் மஞ்சளும் இன்னும் தெரிந்தன. கறுப்பும் வெள்ளையும் எப்போதும் தெரியும். பிங்க் வெளிறிய சாம்பலாக இருக்கும், அது போதும். சிவப்பு, பச்சை, பிரவுன் மூன்றும்தான் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இருப்பதிலேயே இருட்டானது பிரவுன். தனியாக ஒன்றைக் கையில் கொடுத்தால் சத்தியமாகத் தெரியாது.

தனியாகத்தான் கொடுத்தான் புழுதி.

அன்று மூன்று மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் எண் ஹாலின் சிவப்பு ஒன்றும் பதினான்காம் எண் ஹாலின் பிரவுன் ஒன்றும் சக்கரத்துக்குப் போயிருந்தன. புழுதி இரண்டையும் முடித்து, எழுந்து வரச் சோம்பல்பட்டு, "அண்ணே, பிடி" என்று ஒவ்வொன்றாக உருட்டிவிட்டான். அவன் பிடித்தான். கையில் இரண்டு பந்துகள், இரண்டிலும் சக்கரத்தின் வெள்ளைப் பொடி அப்பியிருந்ததில் எது இருட்டு என்பதும் தெரியவில்லை. மிஷின்கள் மூன்றும் போடுகிற சத்தத்தில், எது எந்தக் கை என்பது நழுவிவிட்டது. கேட்கலாம். "எதுடா பிரவுனு" என்று ஒரு வார்த்தை. பதினோரு வருடம் பந்து துடைத்தவன் அப்படிக் கேட்டால் புழுதி அதைச் சாயங்காலம் டயர் கடை வரை கொண்டுபோவான். அவன் கேட்கவில்லை. ஒன்றை இந்தக் கூட்டத்தில் போட்டான், மற்றதை அந்தக் கூட்டத்தில் போட்டான்.

சின்னவள் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வண்டி வெளியே ஹார்ன் அடித்தது. அவனே இரண்டு பெட்டிகளையும் அடுக்கி மூடினான். அவள் ஓடி வந்து டேப் ஒட்டி, சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஒன்பதாம் எண் ஹாலிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார், எங்க பெட்டியில ரெண்டு பிரவுனு இருக்கு. ஒண்ணு தொலைஞ்சா வெச்சுக்கச் சொல்லி ஸ்பேர் குடுத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சூப்பர்வைசர் சீட்டுக் கட்டைப் புரட்டிக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு சின்னவளை அழைத்தார்.

"ஏம்மா, தட்டுல குழியைத்தான் எண்ணுவியா? குழிக்குள்ள என்ன கிடக்குன்னு பாக்க மாட்டியா?"

"பாக்குறேன் சார்."

"பாரு. இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, நீ குழியை எண்ண வேண்டாம், வீட்டுல உக்காந்து ஓட்டை எண்ணிக்கலாம்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "மாமா, அந்தப் பொட்டியை நீங்கதானே அடுக்குனீங்க?"

"ம்."

"நான் உங்களைச் சொல்லல."

"தெரியும்."

"தூக்கம் வரலையா? அந்த மாத்திரை தூக்கம் கெடுக்குமா?"

"கொஞ்சம் கலக்கமா இருந்துச்சு" என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இனிமேல் தண்ணீரைக் காலையிலேயே பிடித்து வைத்துவிடுவேன் என்றாள்.

அடுத்த இரண்டு வாரங்களில் பார்வையின் நடுவில் ஒரு புகை விழுந்தது. நேராகப் பார்த்தால் பந்து கரைந்தது, பக்கவாட்டில் பார்த்தால் இருந்தது. அவன் தலையைக் கோழி மாதிரிச் சாய்த்து வேலை செய்தான். கழுத்துச் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது தவறு இருபத்திரண்டாம் எண் ஹாலுக்குப் போனது. அங்கே போட்டி. வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள், நாற்காலி போட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து மேஜையில் அடுக்கினால் பச்சை இருக்க வேண்டிய இடத்துக்குப் பச்சை இல்லை. சிவப்பில் ஒன்று அதிகம். பக்கத்து ஹாலில் பச்சை கடன் வாங்கி வந்து ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடன் வாங்கிய பச்சை எடை கூடுதல். தோற்றவன் பச்சையைக் காட்டி ஆட்டமே செல்லாது என்றான். மறுநாள் காலை அந்த ஹால்காரரே நேரில் வந்து, தன்னிடமிருந்த கொட்டகையின் காலிப் பெட்டிகள் நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்தப் பெட்டியையும் சின்னவள் திறந்து பார்க்கவில்லை. அன்று அவள் மேஜைக்கு வந்தபோதே அது மூடியிருந்தது. "நான் பாத்துட்டேன், ஒட்டு" என்று அவன் சொன்னான். பதினோரு வருடம் வேலை செய்தவர் பார்த்துவிட்டேன் என்றால் பிரித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து.

சூப்பர்வைசர் கத்தவில்லை. அது இன்னும் மோசம். "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா" என்றார். "போய்ப் புருஷனோட குடும்பம் நடத்து. இது கண்ணு வேணுங்குற வேலை."

சின்னவள் அவனைப் பார்த்தாள். அவன் மிஷினைப் பார்த்தான். அவள் மேஜையைத் துடைத்தாள். டேப் உருளையின் முனை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னக் காகிதத்தை மடித்துச் செருகினாள். நாளை அந்த மேஜைக்கு வருகிறவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. பிறகு ஆணியிலிருந்து பையை எடுத்தாள். ஒரு வருடத்துக்கு முன் கொண்டுவந்த அதே துணிப் பை இல்லை இது. வேலைக்கு வந்து வாங்கிய ஜிப் வைத்த பை.

அவன் மூன்று மிஷின்களையும் அணைத்தான். கொட்டகையில் அப்படி ஒரு அமைதி வேலை நேரத்தில் வந்ததில்லை. புழுதிகூடச் சக்கரத்தை நிறுத்தினான்.

"சார், அது அவ தப்பு இல்ல. ரெண்டு தடவையும் நான்தான் அடுக்குனேன்."

"நீ அடுக்கினா பாக்க வேண்டியது அவ."

"பாக்க வேண்டாம்னு நான் சொன்னேன். எனக்குக் கலர் தெரியல சார்."

"என்ன தெரியல?"

"கலர். சிவப்பு, பச்சை, பிரவுனு. மூணும் ஒண்ணாத் தெரியுது."

சூப்பர்வைசர் திறந்திருந்த ஒரு தட்டிலிருந்து மூன்று பந்துகளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். வெயில் விழுகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு மூன்றையும் வரிசையாக வைத்தார். "வா. இதுல எது பிரவுனு?"

வெயிலில், பக்கத்தில் பக்கத்தில். இருட்டாக இருந்தது கடைசி. அவன் உண்மையைத்தான் சொன்னான். "கடைசி."

"சிவப்பு?"

மற்ற இரண்டில் எது என்று தெரியவில்லை. கைபோன போக்கில் காட்டினான். "இது."

புழுதி வாய்விட்டுச் சிரித்தான். சூப்பர்வைசரும் சிரித்தார். மூன்றும் சரியாக இருந்தன.

"சார், அது குருட்டாம்போக்குல சொன்னது. பிரவுனு மட்டும் கொஞ்சம் இருட்டா இருக்கும், அத வெச்சுத்தான்…"

"போதும்யா. மச்சினிச்சிக்காகக் கண்ணையே குடுக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"பொண்டாட்டிக்குத் தெரியுமாண்ணே, இவ்வளவு பாசம்?" என்றான் புழுதி.

சின்னவளின் முகம் சுண்டியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஸ்டூலைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். "விடுங்க மாமா. வழியை விடுங்க" என்றாள்.

அவள் எங்கே போவாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் வீட்டுக்குத்தான் வருவாள். ஒரு வாரம் இருப்பாள். பிறகு அந்தாள் வந்து வாசலில் நிற்பான். சொல்வதற்கு ட்யூட்டி இருக்காது.

"மாத்திரையால சார்" என்றான் அவன். "நாலு மாசமா டி.பி.க்கு மாத்திரை சாப்பிடுறேன். அது கண்ணைப் பிடிச்சிருச்சு. காமாலை இல்ல. பொய் சொன்னேன்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பந்துகளைத் தொட்ட கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி இரண்டு அடி பின்னால் போனார்.

"நாலு மாசமா?" என்றான் புழுதி. "நாலு மாசமா என் டம்ளர்ல டீ குடிச்சிருக்கே."

"மாத்திரை ஆரம்பிச்சுப் பதினஞ்சு இருபது நாள்ல ஒட்டுறது நின்னுடும்டா. லீவு முடிஞ்சு வந்தப்புறம் யாருக்கும் ஒட்டாது. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"கலரே தெரியாதுங்குறே. ஒட்டுறது மட்டும் தெரியுமா?"

சூப்பர்வைசர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். வாசலுக்கு உள்ளே வரவில்லை. முதலாளி சொன்னது என்று வெளியில் நின்றே சொன்னார். இரண்டு பேரும் இன்றைக்கே நின்றுகொள்ள வேண்டும். விஷயம் வெளியே போகக் கூடாது. "ஹால்காரனுக்குத் தெரிஞ்சா ஒருத்தன் பந்து அனுப்ப மாட்டான். மூச்சு விடாதீங்க."

"ரெண்டு பேருமா?" என்றான் அவன். "அவ என்ன பண்ணா? அவ தப்பு இல்லன்னு சொல்லத்தானே சார் இதையே சொன்னேன்."

"அவளும் அந்த வீட்டுலதானே படுக்குறா?"

"எனக்கு டெஸ்ட் பண்ணியாச்சு சார்" என்றாள் சின்னவள். "ஒண்ணும் இல்லன்னு பேப்பர் இருக்கு."

"இருக்கட்டும்மா. பேப்பர் இருமாது."

பிறகு மிஷின்கள். கம்பளத்தை எல்லாம் உரித்து எரித்துவிட்டுப் புதிது ஒட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. உரிக்க ஆள் இல்லை. புழுதி, செத்தாலும் தொட மாட்டேன் என்றான். வண்டி டிரைவர் வண்டியை விட்டே இறங்கவில்லை. சூப்பர்வைசர் கடைசியில் அவனிடமே வந்தார்.

"சுத்து, நீயே உரிச்சுப் போட்டுட்டுப் போயிடு. உன் கைதானே பழகினது."

அவன் பட்டைக் கத்தியை எடுத்தான். முதல் மிஷினின் கம்பளம் அவன் போன வருடம் ஒட்டியது. ஓரம் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. இரண்டாவது பசை இறுகிப்போய்ச் சுரண்டிச் சுரண்டித்தான் வந்தது. விரல் கணுவில் தோல் போயிற்று. மூன்றாவதைச் சின்னவள் உரித்தாள். அவன் வேண்டாம் என்றான், அவள் கேட்கவில்லை. நீலச் சாக்பொடி ஏறித் தடித்துப்போயிருந்த கம்பளங்களைச் சுருட்டிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். நாற்றம் கண்ணைக் கரித்தது. சாம்பல் ஆகும் வரை நின்று பார்த்துவிட்டு, குழாயில் கை கழுவினார்கள். அந்தக் குழாயை அதற்குப் பிறகு என்ன செய்தார்களோ தெரியாது.

தெருவுக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"கண்ணு போகுதுன்னு ஏன் சொல்லல?"

"வேலை போயிடும்னு."

"சூப்பர்வைசர்கிட்ட இல்ல. ஆஸ்பத்திரியில. அங்க ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா வியாதி திரும்பிடும். குழந்தை இருக்கு."

"நிறுத்துவாங்கன்னு யாரு சொன்னா?"

"சிஸ்டர்தான். முதல் நாளே."

அவள் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"நடங்க" என்றாள். வீட்டுப் பக்கம் இல்லை, மருத்துவமனைப் பக்கம். அவன் நடந்தான். நடைபாதையின் விளிம்பு நடுப் புகையில் காணாமல் போகும் இடங்களில் காலைத் தேடி வைத்தான். அவள் முன்னால் நடந்தாள். கை கொடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, அவன் கால் ஏறிய பிறகுதான் நகர்ந்தாள்.

நர்ஸ் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இன்று மாத்திரை நாள் இல்லையே என்றாள். சின்னவள் விஷயத்தைச் சொன்னதும் பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவன் முன் விரித்தாள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "இதுக்குள்ள என்ன நம்பர் தெரியுது?"

"புள்ளிதான் தெரியுது."

அடுத்த பக்கம். "இதுல?"

"புள்ளி."

ஏழு பக்கம் புரட்டினாள். பிறகு ஒரு கண்ணைப் பொத்தி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். மேல் வரியைப் படித்தான். இரண்டாவது வரியைத் தலையைச் சாய்த்துப் படித்தான். மூன்றாவது வரி இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு ஏழு வாரம் இருக்கும்."

"மாசா மாசம் கேட்டேனே. ஊசியில நூல் கோப்பேன்னீங்களே."

அவன் தலையைச் சாய்த்துச் சுவரில் மூன்றாவது வரியைத் தேடினான்.

"சொன்னா மொத்த மருந்தையும் நிறுத்திடுவீங்கன்னு நினைச்சுக்கிட்டாரு" என்றாள் சின்னவள். "நிறுத்தினா வியாதி எங்களுக்கு ஒட்டிடும்னு."

நர்ஸ் உட்கார்ந்தாள். பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுக்கச் சொன்னாள். அவன் எப்போதும் சட்டைப் பையில் ஒன்றும், டிபன் பையின் அடியில் மீதியுமாக வைத்திருப்பான். வீட்டில் வைத்தால் குழந்தை எடுத்துவிடும். எல்லாவற்றையும் மேஜையில் வைத்தான். அவள் ஓர் அட்டையை எடுத்து, ஒரு நாளைக்கான வரிசையைக் காட்டினாள்.

"ஒரு நாளைக்கு இது மூணு விதம். மூணுல இந்த ஒண்ணுதான் கண்ணைப் பிடிக்கும். நான் சொன்னது இதை நிறுத்திடுவோம்னு. மத்தது ரெண்டும் அப்படியே ஓடும். தேவைப்பட்டா இதுக்குப் பதிலா வேற ஒண்ணு குடுப்போம். வியாதி திரும்பாது. யாருக்கும் ஒட்டாது."

அவன் அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தான். அந்த இடத்தில்தான் புகை இருந்தது.

"கண்ணு?" என்றாள் சின்னவள்.

"முதல் வாரத்துல வந்திருந்தா திரும்பிடும்னு தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப… சில பேருக்கு மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வரும். சில பேருக்கு இருக்கிறதோட நிக்கும். இனிமே கெடாம பாத்துக்கலாம். அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். டாக்டரின் குரல் கேட்டது, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதி வாங்கி வந்தாள். நாளைக் காலை கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு சீட்டைச் சின்னவளிடம் கொடுத்தாள். சின்னவள் அதை ஜிப் பையின் உள் அறையில் வைத்தாள். நாளைக் காலை போவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை.

நர்ஸ் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள். அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் இருந்த மாத்திரையைக் குமிழோடு வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். மீதியை ரப்பர் பேண்டால் கட்டி அவன் கையில் கொடுத்தாள். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.